கட்டைவிரலில் காய்ந்த மை

கல் உடைப்பவர்களின் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? பல பேருக்கு ரேகை இருக்காது. சம்மட்டிக் காம்பும் கருங்கல் தூசும் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடத்தில் அதைத் தேய்த்துவிடும். ரேஷன் கடையில் இருக்கிற விரல்ரேகை இயந்திரம் அந்த விரலை ஏற்காது. “இன்னொரு விரலை வைம்மா” என்று கடைக்காரர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இதே விரல்களுக்கு இந்தச் சிக்கல் வந்ததில்லை. முன்பணம் கொடுத்தவர் நீட்டிய தாளில் மை தடவி ஒற்றினால் போதும். ரேகை சரியாக விழுந்ததா என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த விரலுக்கு உரியவரால் கேட்க முடியாது. அது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கினவருக்கும் தெரியும்.

மனித உரிமை என்றதும் நமக்கு ஐ.நா. சபையும் டிசம்பர் 10-ஆம் தேதிக் கருத்தரங்கும் உறுதிமொழியும் நினைவுக்கு வருகின்றன. 1948-இல் அந்தத் தேதியில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற பிரகடனத்தின் 26-ஆவது பிரிவு, கல்வி எல்லோருக்கும் உரிமை என்று சொல்வதோடு நிற்கவில்லை. மனித உரிமைகள் மீதான மதிப்பை வலுப்படுத்துவது கல்வியின் நோக்கமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல வாசகம்தான். ஆனால் ஒரு ஏழையின் உரிமை பறிபோவது கடன் பத்திரத்தில், கூலி நோட்டில், ஓரம் மடிந்த ஏதோ ஒரு தாளில். அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்துகொண்டால் என்ன ஆகும் என்று ஒரு மாவட்டமே சோதித்துப் பார்த்தது. அது புதுக்கோட்டை.

கல்வெட்டுச் சீமையில் கைநாட்டு

எழுத்துக்குப் பஞ்சமில்லாத மண் அது. சித்தன்னவாசல் குன்றில் சமண முனிவர்களின் கற்படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு. நார்த்தாமலை, திருமயம் என்று பாறையும் கோயிலும் கண்ட இடமெல்லாம் எவரோ எதையோ வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் தானக் கணக்கு, நிலக் கணக்கு, நீர்க் கணக்கு. எழுதி வைத்தால்தான் உரிமை நிற்கும் என்பது அந்த ஊருக்கு ஆயிரம் வருடத்துப் பழைய சேதி. அதே கருங்கல்லைப் பெயர்த்து ஜல்லி அடித்த பெண்களில் பெரும்பாலோருக்கு 1990 வரைக்கும் தங்கள் பெயரை எழுதத் தெரியாது.

குவாரியில் கொத்தடிமை உண்டாவதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு பிரசவம், மழை பொய்த்த ஒரு வருடம். குத்தகைதாரரிடமோ அவருடைய மேஸ்திரியிடமோ முன்பணம் வாங்குவார்கள். அதைக் கழிக்கக் குடும்பத்தோடு குவாரியில் இறங்க வேண்டும். ஆண் பாறையைப் பெயர்ப்பான், பெண் வெயிலில் உட்கார்ந்து ஜல்லி உடைப்பாள், பிள்ளைகள் கூடை தூக்கும். கூலி லோடு கணக்கில். லோடை அளப்பவர் குத்தகைதாரரின் ஆள். வாரக் கடைசியில் கையில் கொஞ்சம் செலவுக்காசு விழும். மீதி பற்றில் கழிந்தது என்பார்கள். கழிந்ததா என்பது நோட்டுக்குத்தான் தெரியும். நோட்டோ குத்தகைதாரர் வீட்டு அலமாரியில். பெண்ணின் கூலி புருஷன் பெயரில் வரவாகும். ஆகவே அவள் உழைத்ததற்கு அந்த நோட்டிலும் சாட்சி கிடையாது.

சட்டம் இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடன் முழுவதும் ரத்து என்கிறது. ரத்தான கடனுக்குப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று வருடம் வரை சிறை. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்குக் கட்டடம் கட்டிய தொழிலாளர்கள் வழக்கில், 1982-இல், உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அதுவே கட்டாய உழைப்புதான் என்றது. பெரிய தீர்ப்பு. ஆனால் அது பலிக்க, வேலை செய்கிறவருக்கு இரண்டு எண் தெரிய வேண்டும்: சர்க்கார் நிர்ணயித்த கூலி எவ்வளவு, தன் கைக்கு வந்தது எவ்வளவு. கழித்தல் கணக்கு தெரியாதவர் 23-ஆவது பிரிவை எந்த வாசலில் போய்க் கேட்பார்?

1983 டிசம்பரில் பரீதாபாத் கல்குவாரி வழக்கில் தீர்ப்பு வந்தது. பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு நீதிபதி பி.என். பகவதிக்கு எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு நடந்த வழக்கு அது. சட்டக் கல்லூரிகளில் பொதுநல வழக்குக்கு முன்னோடி என்று இதைச் சொல்லித்தருகிறார்கள். அந்தத் தீர்ப்பின் உத்தரவுகளில் அதிகம் பேசப்படாத ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குவாரிகளுக்குப் பக்கத்திலேயே அவ்வப்போது முகாம் போட்டு, சட்டம் தங்களுக்கு என்னென்ன தந்திருக்கிறது என்று தொழிலாளர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தொழிலாளர் கல்வி வாரியத்துக்கு மத்திய அரசு அப்படி உத்தரவிட வேண்டும். இங்கிலீஷில் எழுதிய தீர்ப்பு டெல்லியிலிருந்து குவாரிக்கு வந்து சேர ஒரு வகுப்பறை வேண்டும் என்பது நீதிபதிகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அறிவொளி வந்த மாலை

1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் கேரளத்து எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அலை இந்தப் பக்கம் அடித்து, 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் சூடுபிடித்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பிற்பாடு பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவோடு சேர்ந்து இந்த அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதினார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள், ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வேலை கிடைக்காமல் இருந்த இளைஞர்கள் என்று தொண்டர் படை திரண்டது. சம்பளம் கிடையாது. முதலில் வீதி நாடகமும் பாட்டும் ஊருக்குள் போயின. அவை போட்ட பாதையில் கரும்பலகை போனது. வேலை முடிந்து உலை வைத்துச் சோறாக்கிய பிறகுதான் வகுப்பு. தெருவிளக்கு, கோயில் திண்ணை, களத்துமேடு எதுவானாலும் சரி.

அ-வில் ஆரம்பித்து ஃ-இல் முடிக்கிற திண்ணைப் பள்ளிக்கூட முறை அங்கே இல்லை. நாளும் புழங்குகிற சொல் ஒன்றை எடுத்து, அதைப் பற்றிப் பேசவிட்டு, பிறகு எழுத்து எழுத்தாகப் பிரித்துக் காட்டினார்கள். இந்த வழிக்கு ஒரு மூதாதை உண்டு. 1963-இல் பிரேசிலின் வடகிழக்கே அங்கிகோஸ் என்ற ஊரில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுத்து சொல்லிக்கொடுத்தார். செங்கல் என்பது அவர் கையாண்ட சொற்களில் ஒன்று. அதை யார் அறுக்கிறார், யார் சுடுகிறார், யார் வீட்டுச் சுவருக்குப் போகிறது என்று பேச்சு நீளும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அன்றைய பிரேசிலில் ஓட்டு இல்லை. ஆகவே ஒருவர் எழுதக் கற்றால் ஊரில் ஒரு ஓட்டு கூடும். 1964-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் ஃப்ரெய்ரேயைத் தூக்கிச் சிறையில் வைத்தது. எழுத்துக்கு யார் பயப்படுவார்கள் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

புதுக்கோட்டையில் பாடத்தோடு சைக்கிளும் வந்தது. பெண் தொண்டர்கள் பஸ் போகாத ஊர்களுக்குப் போக வேண்டும், யாரையும் எதிர்பார்க்காமல் திரும்ப வேண்டும். அதற்கு ஓட்டிப் பழகினார்கள். அவர்களைப் பார்த்து வயல்வேலைக்காரிகள், குவாரிப் பெண்கள், பால்வாடி ஆயாக்கள், சத்துணவு ஊழியர்கள், ரத்தினக் கல் பட்டை தீட்டுகிற பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். கடன் கொடுக்கச் சொல்லி வங்கிகளுக்கு ஆட்சியர் நெருக்கடி கொடுத்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனாலென்ன, ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் லாபம். தெருவில் கேலி இருந்தது, ஆபாசப் பேச்சும் இருந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். யூனிசெஃப் 50 மொபெட்களைப் பெண் தொண்டர்களுக்குக் கொடுத்தது. நாட்டில் எங்கும் தடையின்றிப் போய்வரும் உரிமை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் இருக்கிறது. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போக அண்ணனையோ புருஷனையோ கேட்க வேண்டியிருந்த பெண்ணுக்கு அது முதல்முறையாகக் கைக்கு வந்தது இரண்டு சக்கரத்தின் மேல்.

இந்தச் சைக்கிள் கதை உலகத்துக்குத் தெரியும். படமும் எடுத்தார்கள், விருந்தினர்களுக்கும் காட்டினார்கள். குவாரிக் கதை அவ்வளவாகத் தெரியாது. என் கணக்கில் அதுதான் பெரிது.

1991-இல் மாவட்ட நிர்வாகம் அரசுக் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தது. எந்தக் குழியில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தார்களோ அந்தக் குழியின் குத்தகைதாரர்களாக 4,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆனார்கள். சாய்நாத் தரும் எண்ணிக்கை இது. நினைத்துப் பாருங்கள், இந்த இடத்தில் எழுத்து எத்தனை வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்று. குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். லாரி வெளியே போக நடைச்சீட்டு வேண்டும். எத்தனை லோடு போயிற்று, வியாபாரி எத்தனைக்குக் காசு கொடுத்தான், வங்கியில் எவ்வளவு கிடக்கிறது, சர்க்காருக்கு எவ்வளவு கட்ட வேண்டும் எல்லாம் கணக்கு. முன்பு அலமாரிக்குள் பூட்டிக் கிடந்த நோட்டு இப்போது குழுத் தலைவியின் மடியில். குடும்பங்களின் வாழ்க்கை கண்கூடாக மாறியது. முன்பு திருட்டுத்தனமாகப் பாறை போன இடத்திலிருந்து அரசாங்கத்துக்கும் நல்ல வருமானம் வந்தது.

அதிகாரியின் உத்தரவு மட்டும் இருந்து எழுத்து இல்லாமல் போயிருந்தால், குழுவின் பெயரில் குத்தகை இருக்கும், பழைய குத்தகைதாரர் பின்னால் நின்று கைநாட்டு வாங்கிக்கொண்டிருப்பார். ஊராட்சிகளில் ‘தலைவர் கணவர்’ என்றொரு பதவி இல்லையா, அதுபோல. எழுத்து மட்டும் இருந்து உத்தரவு இல்லாமல் போயிருந்தால், தன்னைக் கட்டிப்போட்ட பத்திரத்தைத் தானே வாசித்து அழ மட்டும்தான் முடிந்திருக்கும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. மாலைக்கு மாலை ஒரே விளக்கடியில் உட்கார்ந்து பழகியவர்கள் அவர்கள். ஆகவே குவாரிக்குள்ளும் ஒன்றாக நிற்க முடிந்தது.

அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கள்ளத்தனமாகக் கல் எடுத்துப் பழகிய ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கடுமையாகத் திருப்பி அடித்தார்கள். சேதம் நிறைய. சில பெண்கள் விடாமல் போராடினார்கள், பலர் இழந்தார்கள். ஆட்சியர்கள் மாறுவார்கள், பாறை அங்கேயேதான் இருக்கும், அதன் மேல் கண்வைத்தவர்களும் அங்கேயேதான் இருப்பார்கள். எழுத்தறிவை ஒரு பிரசாரம் போல நடத்தி, சாதனை என்று அறிவித்து, பந்தலைப் பிரித்துவிட்டுப் போனது நம் அரசுகள் செய்த பெரிய தவறு. தொடர்ந்து வாசிக்க எதுவும் இல்லாதவருக்கு எழுத்து மறந்துபோகும்.

சீதம்மாவின் பாடம்

இதே காலத்தில் பக்கத்து மாநிலத்தில், நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவில் இன்னொன்று நடந்தது. அங்கே எழுத்தறிவு இயக்கத்தின் பெயர் அட்சர தீபம். வாசிப்புப் புத்தகத்தில் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒரு பாடம். ஊர்ப் பெண்களைத் திரட்டிச் சாராயக் கடையை மூடவைப்பவள் அவள். தூபகுண்டாப் பெண்கள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். படித்து முடித்து, தங்கள் ஊர்க் கடையை மூடவைத்தார்கள். முன்னால் நின்றவர்களில் வர்தினேனி ரோசம்மாவின் பெயர் பிற்பாடு ஆந்திரம் முழுக்கத் தெரிந்தது. 1992-இல் மாவட்டம் பூராவும் பற்றிக்கொண்டது. சாராய ஏலத்தை நடத்த முடியாமல் அதிகாரிகள் திரும்பத் திரும்பத் தள்ளிவைத்தார்கள். 1993 அக்டோபரில் மாநிலம் முழுக்கச் சாராயத் தடை. 1995 ஜனவரியில் முதல்வர் என்.டி. ராமராவ் பூரண மதுவிலக்குக் கொண்டுவந்தார். 1997-இல் அது தளர்த்தப்பட்டுவிட்டது, கஜானா தாங்கவில்லை.

மதுவிலக்கு சரியா தவறா என்ற வழக்கு இங்கே வேண்டாம். கூலிக்காசு வீடு வந்து சேர வேண்டும், ராத்திரி அடி விழக் கூடாது என்ற இரண்டு உரிமைகளை அந்தப் பெண்கள் கேட்டார்கள். உரிமை என்ற சொல்லைக் கூட அவர்கள் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பாடத்தை எழுதியவரும் அது இவ்வளவு தூரம் போகும் என்று நினைத்திருக்க மாட்டார். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி இது. படிப்பவரின் வீட்டு வாசலில் நிற்கிற பிரச்சினை பாடத்துக்குள் வந்தால் பாடம் புத்தகத்தோடு நிற்காது.

படித்தவர்களின் பாடம்

இத்தனையும் சொல்லிவிட்டு அதே புதுக்கோட்டைக்குத் திரும்பினால் தலை குனிய வேண்டியிருக்கிறது. 2022 டிசம்பர் 26. வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலை நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன ஆட்சியர் கவிதா ராமு, அங்கே டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் கோயிலுக்குள் அவர்களை விடாததையும் கண்டார். நாடே வந்து பார்த்த அறிவொளி மாவட்டத்தில், முப்பது வருடம் கழித்து, இரட்டைக் குவளை. அடுத்த வருடம் ஆகஸ்டில் நெல்லை மாவட்டத்து நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனை அவன் வீட்டுக்கே போய் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்தவர்கள்.

எழுத்துத் தெரியாதவர்கள் செய்த காரியமா இது? பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவர்கள், மதிப்பெண் வாங்கியவர்கள். நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. கயிற்றை அவிழ்க்கச் சொல்லலாம். பிள்ளைக்குக் கயிறு கட்டியனுப்பிய வீட்டுக்கும், அதைப் பார்த்தும் பார்க்காதது போலப் பாடம் நடத்திய ஆசிரியருக்கும் யார் பாடம் எடுப்பது? உரிமையை இழந்தவருக்கு மட்டும் உரிமைக் கல்வி என்று இத்தனை காலம் வைத்துக்கொண்டோம். பறிக்கிற இடத்தில் பிறந்த பிள்ளைக்கு அது இன்னும் அதிகமாக வேண்டியிருக்கிறது.

முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. மதுரையைச் சேர்ந்த மக்கள் கண்காணிப்பகம் 1997-இல் பள்ளிகளுக்குள் மனித உரிமைக் கல்வியைக் கொண்டுபோனது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தப் பாடம். இந்தப் பாடம் முதலில் இடறுகிற இடம் ஆசிரியர் கைப் பிரம்பு. குழந்தைகளை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்திருக்கிறது. பிரம்பை மேசை மேல் வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

இன்றைய தாள்

கைநாட்டுக் காலம் போய்விட்டது என்று நினைக்கிறோம். எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் திங்கட்கிழமை மனுநாளில் போய்ப் பாருங்கள். வாசலில் உட்கார்ந்து மனு எழுதித் தருபவர்களைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். காசு கொடுத்து எழுதி வாங்கிய மனுவில் தன் குறை எழுதப்பட்டிருக்கிறதா, வேறு எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தெரியாமலே வரிசையில் நிற்பவர்கள் அதில் உண்டு. தாளும் மாறிவிட்டது. குழுக் கடன் அட்டை, பாஸ்புத்தகம், செல்போனுக்கு இங்கிலீஷில் வருகிற குறுஞ்செய்தி, ‘அந்த ஆறு நம்பரைச் சொல்லும்மா’ என்று கேட்கிற குரல். மை மட்டும்தான் இல்லை.

செங்கல் சூளையிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்தி நம் மாநிலத்தில் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. மீட்கப்பட்டவருக்கு வருவாய்த் துறை ஒரு விடுதலைச் சான்றிதழ் தரும். கடன் ரத்து, நிவாரணம், மறுவாழ்வு எல்லாம் அந்த ஒற்றைத் தாளில் தொங்குகிறது. அது கையில் இல்லாவிட்டால், ‘வாங்கிய பணத்தைக் கட்டாமல் ஓடிப்போனவன்’ என்று பழைய முதலாளி மறுபடி தேடி வருவார். வாழ்க்கையில் ஒருவருக்குக் கிடைக்கிற மிக முக்கியமான தாளை அவரால் படிக்க முடியவில்லை என்றால் அது அந்த மனிதருடைய குறை இல்லை.

புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் என்ற பெயரில் 15 வயதைக் கடந்தவர்களுக்கு இப்போதும் வகுப்பு நடக்கிறது. 2022-இல் தொடங்கியது, 2027 வரைக்கும். பெரும்பாலும் உங்கள் ஊர் அரசுப் பள்ளியில்தான் மையம் இருக்கும், சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள். பொழுது சாய்ந்த பிறகு ஒரு நாள் போய் உட்காருங்கள். அங்கு வருகிற அம்மாக்களிடம் அவரவர் வீட்டில் இருக்கிற கடன் அட்டையை எடுத்து வரச் சொல்லுங்கள். அதிலிருக்கிற வட்டி என்ற சொல்லிலிருந்து பாடத்தை ஆரம்பியுங்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அன்றைக்கே கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வாருங்கள்.